கீரைக்கட்டுக்குள் என்ன இருக்கிறது? கொழும்புச் சமையலறைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தண்ணீர் மோட்டர் பழுது, லிப்ட் நின்றுவிட்டது என்ற செய்திகளுக்கு நடுவில் மரக்கறிக் கேள்விகளும் வரும். நான் உணவு இரசாயனம் படித்தவள் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பாவற்காய் கசந்தாலும் எனக்குத்தான் மெசேஜ். ஒரே பதிலைப் பத்துத் தரம் தட்டச்சு செய்து விரல் நோகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

மரக்கறியில் விற்றமின், கனியுப்பு தெரியும். இந்த ‘பயோஆக்டிவ்’ என்பது என்ன?

செடியால் ஓட முடியாது. பூச்சி வந்தாலும் வெயில் சுட்டாலும் நின்ற இடத்திலேயே சமாளிக்க வேண்டும். அதற்காக அது தயாரித்து வைத்திருக்கும் சேர்வைகளில் பல நம் உடம்புக்குள் போனபின்னும் ஏதோ ஒரு வேலை செய்கின்றன. அவற்றைத்தான் உயிரியல் செயற்பாடுள்ள சேர்வைகள் என்கிறார்கள். இவை இல்லாவிட்டால் விற்றமின் குறைபாடு போல ஒரு நோய் வந்துவிடாது. இருந்தால் நல்லது என்பதுதான் இவற்றின் நிலை.

ஆய்வுகூடம் தேவையில்லை, கத்தியும் நாக்கும் போதும். கத்தரிக்காயை வெட்டி வைத்தால் கறுக்கிறதே, அது குளோரோஜெனிக் அமிலம் போன்ற பீனோல்கள் காற்றுப் பட்டு நொதியத்தோடு செய்யும் வேலை. அதன் தோலின் ஊதா நசுனின் என்ற நிறப்பொருள். பச்சை மிளகாயைக் கீறிப் பாருங்கள். காரத்துக்குக் காரணமான கப்சைசின் விதையில் உருவாவதில்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில் உருவாகிறது. வெங்காயத்தில் குவெர்செற்றின், தக்காளியில் லைகோபீன், பீட்ரூட்டில் பீற்றாலேன், வல்லாரையில் ஏசியாற்றிகோசைட். சுருக்கமாகச் சொன்னால் கசப்பு, காரம், நிறம், மணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இவைதான். கசக்காத பாவற்காய், உறைக்காத மிளகாய் என்று தேடிப்போகிறவர்கள் இதையும் யோசிக்கலாம்.

‘சேதன’ (ஓர்கானிக்) மரக்கறிக்குக் கூடக் காசு கொடுக்கிறோம். சத்தும் கூடவா?

குழுவில் சண்டை வந்த கேள்வி இது. இரண்டு பக்கமும் கொஞ்சம் சரி.

2012இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சேதன உணவில் விற்றமின்கள் கூட என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை என்றார்கள். 2014இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் தலைமையில் ஒரு குழு 343 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்தது. அதில் சேதனப் பயிர்களில் பீனோல் வகைச் சேர்வைகள் வகையைப் பொறுத்து 19 முதல் 69 சதவீதம் வரை கூட இருந்தன. கட்மியம் என்ற நச்சு உலோகம் ஏறத்தாழ பாதி. பீடைநாசினி எச்சம் மற்றப் பயிர்களில் நாலு மடங்கு அதிக தடவை காணப்பட்டது. ஆனால் புரதம் சேதனப் பயிரில் சற்றுக் குறைவு. தரவில் பெரும்பங்கு ஐரோப்பியப் பண்ணைகளுடையது என்பதையும் மறக்கக்கூடாது. வெலிமடைப் போஞ்சிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

என் அபிப்பிராயம் கேட்டால், விற்றமினுக்காகச் சேதன மரக்கறி வாங்க வேண்டாம். எச்சம் குறைய வேண்டும், மண் கெடக்கூடாது என்பதற்காக வாங்கலாம், கைக்கு எட்டினால். கூடிய விலை கொடுத்து அரைக் கிலோ வாங்குவதைவிட அதே காசுக்குச் சாதாரண மரக்கறி ஒரு கிலோ வாங்கிச் சாப்பிடுவது குடும்பத்துக்கு நல்லது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பழமும் மரக்கறியுமாக 400 கிராம் என்கிறது. சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் இரண்டு கரண்டி வைக்கும் நம் வீடுகளில் அந்த அளவு வருகிறதா என்று ஒரு நாள் தராசில் வைத்துப் பாருங்கள்.

அப்படியென்றால் 2021இல் செய்தது சரிதானே?

நோக்கம் வேறு, செய்த விதம் வேறு. 2021 மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை, விவசாய இரசாயன இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தது. நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. அதற்குள் விளைச்சல் விழுந்து, கரட் விலையும் போஞ்சி விலையும் எங்கே போனது என்பதைக் கொழும்பில் சமைத்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மண்ணில் சேதனப் பொருள் சேரப் பல போகங்கள் எடுக்கும். கூட்டெருவில் நைதரசன் குறைவு, அதுவும் மெல்லத்தான் பயிருக்குக் கிடைக்கும். நிலைபேறான விவசாயம் என்பது பசளையை அளந்து போடுவது, பயிரை மாற்றி நடுவது, கூட்டெருவையும் இரசாயனப் பசளையையும் சேர்த்து, பின்னதை ஆண்டுக்கு ஆண்டு குறைப்பது. அவசரச் சட்டத்தால் வருகிற காரியம் அல்ல அது.

பசளை கூடினால் சத்து குறையுமா?

நைதரசன் அளவுக்கு மிஞ்சினால், ஆம், சில விடயங்களில். செடி மளமளவென்று வளரும், இலை பெருக்கும், நீர் ஏறும். விற்றமின் சி குறையும். பாதுகாப்புச் சேர்வைகளைத் தயாரிக்கச் செடிக்கு நேரமும் தேவையும் குறைவு. வெயிலிலும் கொஞ்சம் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் வளர்ந்த மிளகாய் ஏன் கடுமையாக உறைக்கிறது என்பதற்கும் இதுதான் விளக்கம்.

பயன்படாத நைதரசன் இலையில் நைத்திரேற்றாகத் தேங்கும், மிச்சம் நிலத்தடி நீருக்குப் போகும். இதை யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வலிகாமத்தில் மெல்லிய செம்மண், அடியில் சுண்ணாம்புக்கல். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போட்ட பசளையும், மலசலகூடக் குழிகளின் கசிவும் கிணற்றில்தான் போய்ச் சேருகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அங்கே பல தோட்டக் கிணறுகளில் அது தாண்டியிருப்பது பல ஆய்வுகளில் பதிவானது. கைக்குழந்தைகளுக்குத்தான் அந்தத் தண்ணீர் பெரிய ஆபத்து.

ஒரு குறுக்குச் செய்தி: மரக்கறியில் உள்ள நைத்திரேற்றே கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பீட்ரூட் இரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது என்றால் அதற்குக் காரணமும் அதே நைத்திரேற்றுத்தான்.

‘அந்தக் காலத்து மரக்கறியில் இருந்த சத்து இப்போது இல்லை’ என்று அம்மம்மா சொல்வது உண்மையா?

கொஞ்சம் உண்மை. 2004இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 43 தோட்டப் பயிர்களின் 1950ஆம் ஆண்டு அட்டவணையையும் 1999ஆம் ஆண்டு அட்டவணையையும் ஒப்பிட்டார்கள். புரதம், கல்சியம், பொசுபரசு, இரும்பு, விற்றமின் பி2, விற்றமின் சி ஆறும் சராசரியில் குறைந்திருந்தன. விளைச்சல் கூடிய இனங்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் காய் பெருத்தது, சத்து அதே வேகத்தில் ஏறவில்லை என்பதே அவர்கள் கண்ட முக்கிய காரணம். பாலில் தண்ணீர் சேர்ந்த கதை. அம்மம்மாவிடம் சொல்லிவிட்டேன், மூன்று நாளாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பேலியகொடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் எவ்வளவு போகிறது?

ஆட்கள் விலையைக் கேட்கிறார்கள், இனத்தைக் கேட்கிறார்கள், ‘எப்ப பிடுங்கினது?’ என்று கேட்கிறவர் குறைவு. நானென்றால் அதைத்தான் முதலில் கேட்பேன்.

பிடுங்கிய பிறகும் இலை மூச்சு விடுகிறது. தன்னிடம் உள்ளதையே எரித்துக்கொண்டிருக்கிறது. கொழும்பு வெக்கையில் அந்த மூச்சு இன்னும் வேகம். முதலில் போவது விற்றமின் சி, இலைக்கறியில் ஒன்றிரண்டு நாளில் பெரும்பகுதி போய்விடும். ஃபோலேற்று என்ற பி வகை விற்றமினும் அடுத்தடுத்துக் குறையும். இரும்பு, கல்சியம் எங்கும் போகாது, வாடிய கீரையிலும் அவை அப்படியே.

கோட்டைப் பக்கம் இருந்த மெனிங் சந்தை 2020இல் பேலியகொடைக்குப் போனது. நுவரெலியா, வெலிமடை மரக்கறிகள் இரவு லொறியில் அங்கே வந்து, அங்கிருந்து சந்தைக்கும் கடைக்கும் பிரிகின்றன. கோவாவும் லீக்சும் சாக்கில் அமுக்கிக் கட்டி வரும். நசுங்கிய இடத்தில் கலம் உடைந்து, நொதியமும் காற்றும் சந்தித்து, கறுப்பு விழும். அந்தக் கறுப்பு வெறும் அழகுக் குறை அல்ல, அந்த இடத்தில் சத்தும் போயிருக்கிறது. பிளாஸ்டிக் கூடையில் வந்த மரக்கறிக்கு ஐந்து பத்து ரூபா கூடக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

காலி வீதியில் நான் கீரை வாங்கும் இடத்தில் கட்டுகளை வாளியில் முக்கி எடுத்து உதறி வைப்பார்கள். ‘விடியத்தான் வந்தது அக்கா’ என்ற வசனத்தோடு. இலையைப் பார்க்க வேண்டாம், கட்டைத் திருப்பித் தண்டின் வெட்டு முகத்தைப் பாருங்கள். வெளிறிய பச்சையாக, ஈரமாக இருந்தால் இன்றைக்கு அல்லது நேற்றிரவு. பழுப்பாகிக் காய்ந்து சுருங்கியிருந்தால் எத்தனை வாளித் தண்ணீர் தெளித்தாலும் அது பழசு. கட்டியிருக்கும் இடத்தில் விரலை விட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உள்ளே அவிய ஆரம்பித்துவிட்டது.

கரட்டைப் பொறுத்தவரை பளபளப்பைத் தேடாதீர்கள். மலைநாட்டிலேயே கழுவித் தேய்த்து அனுப்புவது நம் கண்ணுக்காகத்தான். மண்ணோடு வந்த கரட் கூட நாள் நிற்கும். உருளைக்கிழங்கில் மட்டும் மண்ணை நம்ப வேண்டாம். இறக்குமதிக் கிழங்குக்கு மண் பூசி உள்ளூர் என்று விற்பது அடிக்கடி செய்தியில் வரும்.

எதற்கும் அவசரப்படாத ஒரு மரக்கறி பூசணி. முற்றிய பூசணிக்காயை வெட்டாமல் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும், கரோட்டின் குறைவதற்குப் பதில் கூடுவதும் உண்டு.

சமைத்தால் எல்லாம் போய்விடாதா?

சிலது போகும், சிலது வரும். விற்றமின் சி தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க ஒரு வேலை செய்யலாம். பிள்ளைகளோடு செய்தால் ஒரு மழைநாள் பின்னேரம் கழியும். பாமசியில் காயத்துக்குப் போடும் அயடின் வாங்குங்கள். சோறு வடித்த கஞ்சியில் கொஞ்சம் எடுத்து, நன்றாக ஆறவிட்டு, நிறையத் தண்ணீர் கலந்து, அயடின் ஒரு துளி விடுங்கள். கருநீலம் ஆகும். அதில் தேசிக்காய்ச் சாறு விட்டால் சில துளியில் நீலம் மறையும், விற்றமின் சி அயடினைப் பிடித்துக்கொள்கிறது. இப்போது கோவா அவித்துக் கொட்ட வைத்திருக்கும் தண்ணீரை, அதையும் ஆறவிட்டு, கரண்டி கரண்டியாக விடுங்கள். நிறம் வெளிறுவது தெரியும். சிங்கில் ஊற்ற இருந்தது அதைத்தான். (குடித்துவிட வேண்டாம். கழுவிய கோப்பையை இன்னொரு தரம் கழுவுங்கள்.)

அதனால் அவித்து வடிக்கும் கறியைவிடச் சொதியும் வறையும் மேல். சொதியில் கரைந்தது சொதியிலேயே இருக்கிறது. வறையில் தண்ணீரே இல்லை, ஐந்து நிமிட வேலை.

மறுபக்கம், தக்காளியின் லைகோபீனும் கரட்டின் கரோட்டினும் வெந்த பிறகுதான் நன்றாக உடம்பில் சேரும். சூடு கலச்சுவரை இளக்குகிறது. உள்ளியின் பயனுள்ள சேர்வையான அலிசின் முழுப்பல்லில் இல்லை. நசுக்கும்போதுதான் உண்டாகிறது. நசுக்கிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு சட்டியில் போடுங்கள். கோவாவிலும் அதே கதை: அரிந்து கொஞ்ச நேரம் வைத்தால் குளுக்கோசினோலேற்று உடைந்து பயனுள்ள சேர்வையாக மாற அவகாசம் கிடைக்கும்.

வறைக்குத் தேங்காய்ப்பூ, சம்பலுக்குத் தேசிக்காய். ருசிக்கு மட்டுமா?

அப்படித்தான் தொடங்கியிருக்கும். ஆனால் கணக்குச் சரியாக வந்திருக்கிறது. கரோட்டின் கொழுப்பில்தான் கரையும், ஒரு பிடி தேங்காய்ப்பூ அதற்குப் போதும். கீரையில் உள்ள இரும்பு இறைச்சியில் உள்ளது போல எளிதில் உறிஞ்சப்படாது. தேசிக்காய்ப் புளியின் விற்றமின் சி அதை உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. அடுப்பால் இறக்கி, கொஞ்சம் ஆறிய பிறகு பிழிய வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு, சாப்பிட்ட கையோடு ஒரு பிளேன்டீ குடித்தால் தேயிலையின் பீனோல்கள் அந்த இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரத்தச்சோகை உள்ள பெண்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் இதை நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன்.

புரொக்கொலி வாங்குவதா, முருங்கையிலை வாங்குவதா?

அமெரிக்க விவசாயத் திணைக்கள அட்டவணைப்படி 100 கிராம் பச்சை முருங்கையிலையில் புரதம் 9.4 கிராம், கல்சியம் 185 மி.கி., இரும்பு 4 மி.கி., விற்றமின் சி 52 மி.கி. அதே அளவு புரொக்கொலியில் கல்சியம் 47, இரும்பு 0.7, விற்றமின் சி 89. விற்றமின் சியில் புரொக்கொலி வெல்கிறது, மற்றதில் கிட்டவும் வரவில்லை. விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஆனால் முருங்கைத்தூள் போத்தலில் ‘தோடம்பழத்தைவிட ஏழு மடங்கு’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். காயும்போது விற்றமின் சி பெரும்பாலும் போய்விடும். மேலும், உலர்ந்த தூளை நீர் நிறைந்த பழத்தோடு நிறைக்கு நிறை ஒப்பிடுவது ஏமாற்று. தூளை ஒரு கரண்டிதானே போடுவீர்கள்?

கழுவினால் பூச்சிமருந்து போய்விடுமா?

மேலே படிந்தது ஓடும் தண்ணீரில் ஓரளவு போகும். உள்ளே ஊறியது போகாது. 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்பிளில் செய்த ஆய்வில், அப்பச்சோடா கரைசலில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது மேற்பரப்பு எச்சம் வெறும் தண்ணீரைவிட நன்றாகப் போனது. ஆனால் ஒரு மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு தோலுக்குள்ளேயே இறங்கியிருந்தது. உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவுவது நல்ல வழக்கம்தான், அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். உண்மையான பாதுகாப்பு தோட்டத்தில் இருக்கிறது: மருந்தடித்த பின் லேபிளில் சொன்ன நாள் பொறுத்துப் பிடுங்குவது. விவசாயத் திணைக்களத்தின் ‘நல்ல விவசாய நடைமுறை’ச் சான்றிதழ் பார்க்கும் விடயங்களில் அதுவும் ஒன்று. சேதனத்துக்கும் சாதாரணத்துக்கும் நடுவில், கொடுக்கிற காசுக்குப் பொருத்தமானது அது என்பது என் எண்ணம்.

கங்குன் பற்றிப் பயமுறுத்துகிறார்களே?

கங்குன் தண்ணீரில் உள்ளதை உறிஞ்சுவதில் கெட்டிக்காரி. சுத்தமான வாய்க்காலில் வளர்ந்தால் நல்ல கீரை. நகரத்துக் கழிவுக் கானோரம் வளர்ந்தால் ஈயம், கட்மியம் முதலியவற்றையும் சேர்த்துக்கொள்ளும், அதைக் கழுவியோ அவித்தோ எடுக்க முடியாது. எங்கே வளர்ந்தது என்று தெரிந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் பொன்னாங்காணிக்கு மாறுங்கள்.

மரவள்ளியோடு இஞ்சி சாப்பிட்டால் நஞ்சா?

நஞ்சுக்கான பொருள் கிழங்கிலேயே இருக்கிறது, லினமரின் என்று பெயர். அதிலிருந்து சயனைட்டு வெளிவரும். உரித்து, வெட்டி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அவித்த தண்ணீரைக் கொட்டுவது பற்றி மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு. நீலக் கோடு விழுந்த கிழங்கை வாங்கவே வேண்டாம்.

பாவற்காய்ச் சாறு குடித்தால் சீனி வருத்தம் மாறுமா?

மாறாது. கரன்ரின் முதலிய சேர்வைகள் சீனியைக் குறைக்கக்கூடும் என்று சிறு ஆய்வுகள் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2012ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு கிடைத்த ஆதாரம் போதாது என்றது. கறியாகச் சாப்பிடுங்கள், மிக நல்லது. மருந்து எடுப்பவர்கள் சாறாகக் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

பொதுவாக எதையும் சாறாக்கும்போது அளவு தெரியாமல் போகிறது. காமரங்காய்ச் சாறும் பிலிம்பிச் சாறும் நிறையக் குடித்து, ஒட்சலேற்று படிந்து சிறுநீரகம் பழுதான நோயாளிகள் பற்றி இலங்கை மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பசளியிலும் கொஞ்சம் கவனம். மற்றவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் பசளிப்பருப்பு ஒன்றும் செய்யாது.

பல்கனியில் என்ன வளர்க்கலாம்?

தொடர்மாடி என்றால் முருங்கை ஆசையை விடுங்கள், அதில் வேதாளம் ஏறுவதற்கே இடம் போதாது. வல்லாரை, பொன்னாங்காணி, புதினா, பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஐந்தும் போதும். வீதியோர மண்ணை அள்ளி வராதீர்கள். பழைய பெயின்ரும் வாகனப் புகையும் சேர்ந்த மண் அது. கூட்டெரு, தும்புத்தூள், நல்ல மண் மூன்றையும் சமமாகக் கலந்து அரிசிச் சாக்கில் நிரப்பினால் சரி. பூச்சி, நோய் என்று சந்தேகம் வந்தால் 1920க்கு அழையுங்கள், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம்.

பொன்னாங்காணிக்கு விதை தேட வேண்டாம். சமைக்க வாங்கிய கட்டில் தடித்த தண்டு நாலைந்தை எடுத்து, கீழ் இலைகளை உருவிவிட்டு, கணுவொன்று தண்ணீரில் நிற்கும்படி யோகட் கோப்பையில் வைத்தால் சில நாளில் வெள்ளை வேர் வரும். அப்புறம் சாக்கில் நட்டு, நுனியை மட்டும் கிள்ளிக் கிள்ளி எடுக்கலாம். நாலாம் மாடி அக்கா இப்படித் தொடங்கியதுதான், இப்போது லிப்டில் சந்தித்தால் ‘ஒரு பிடி வேணுமோ?’ என்று அவரே கேட்கிறார். பிடுங்கிப் பத்து நிமிடத்தில் சட்டிக்குப் போகிற கீரை, வெள்ளவத்தையில் வேறு எங்கே கிடைக்கும்?